முப்பது பவுனும் நாட்டின் கையிருப்பும்

டேய் மகனே,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ குழம்பக் கூடாது. இதை எழுதும்போது எனக்குப் பதினேழு வயது. மைசூரில் செகண்ட் பியுசி, அதாவது ப்ளஸ் டூ, படிக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாரென்று எனக்கும் தெரியாது, பாவம் அவனுக்கும் தெரியாது. மற்ற அப்பா அம்மாக்கள் தலை நரைத்த பிறகு, மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்படிக் கடிதம் எழுதுவார்கள். நான் அட்வான்ஸாக எழுதுகிறேன். எனக்கு இப்போது இருக்கிற கோபம் ஐம்பது வயதில் மிச்சமிருக்குமா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆறுவதற்குள் இறக்கி வைக்கிறேன். உனக்குப் பெண் பார்க்கிற பேச்சு வரும்போது இதைப் பிரித்துப் படி. ஒருவேளை நீ மகளாகப் பிறந்துவிட்டால் உனக்கு வேறு கடிதம் எழுதுகிறேன். அது இதைவிட மோசமாக இருக்கும்.

என் அக்கா திவ்யாவுக்கு, அதாவது உன் பெரியம்மாவுக்கு, கல்யாணம் முடிந்து பத்து நாளாகிறது. வீட்டில் பந்தல்காரன் விட்டுப்போன ஒரு மூங்கில் மட்டும் வாசலில் சாய்ந்து நிற்கிறது. என் அப்பா ஒரு ஊதுபத்தி ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பர். எத்தனை டின் சந்தன எண்ணெய் வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று பார்ப்பது அவர் வேலை. நாங்கள் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், திட்டு மட்டும் இரண்டிலும். அப்பாவுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம்தான். சனிக்கிழமை பேப்பரில் நாட்டின் தங்கக் கையிருப்பு இந்த வாரம் எவ்வளவு என்று ஒரு செய்தி வரும் பார், சின்னதாக, ஏழாம் பக்கத்தில், அதை அவர் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி, நான் அவருக்குக் கவர்னர் என்று பெயர் வைத்திருந்தேன். "கவர்னர் உரை ஆரம்பிச்சாச்சு, யாரும் மோர் கேட்காதீங்க" என்பேன். "சும்னிரே" என்று கன்னடத்தில் அதட்டுவார். ஆனால் சிரிப்பார்.

அவர் விளக்கும் விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். "இப்ப பாரு, என் ஸ்டோர்ல பத்து டின் எண்ணெய் இருக்கு. ஒரு சொட்டுக் கூடலை, குறையலை. வெளியே ரேட் ஏறிச்சு. உடனே புத்தகத்துல என் ஸ்டோர் பணக்கார ஸ்டோர் ஆயிடுச்சு. நாட்டுத் தங்கமும் அதேதான். டன் கொஞ்சம்தான் கூடியிருக்கு. மதிப்பு எங்கே போய் நிக்குது பாரு!" என்பார், ஏதோ அவரே தோளில் சுமந்து ஏற்றிய மாதிரி. அப்பா என் வயதில் இருந்தபோது, கடன் கட்ட டாலர் இல்லாமல் நாட்டின் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தார்களாம். அன்றைக்கு டீக்கடையில் ஒரு ஆள் "நாடே அடகுக் கடைக்குப் போயிடுச்சு, இனி நமக்கென்ன வெக்கம்" என்று சொன்னதை அப்பா இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் வாரா வாரம் அந்த எண் ஏறுவதை அவரால் சும்மா பார்க்க முடியவில்லை. வெளிநாட்டுப் பெட்டகத்தில் இருந்த தங்கத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று செய்தி வந்த அன்று கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். "நம்ம வீட்டுக்கா வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். "நாட்டுக்குக் கையிருப்பு, நமக்குக் கைதான் இருப்பு" என்றேன் நான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

இனி என் தப்புக்கு வருகிறேன். இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்னால் அக்காவுக்கு மகேஷ் என்று ஒரு மாப்பிள்ளை அமைந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவர்களும் எங்களை மாதிரியே அந்தப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் தங்கிவிட்டவர்கள்தான். பேச்சு முடிக்க வந்தார்கள். மகேஷின் அப்பா, சம்பந்தி, பார்க்க நல்ல மனுஷர். சோபாவில் எங்கப்பா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "இத்தனை லட்சம்னு ஒரு முழுத் தொகையா வச்சுக்கலாமுங்க, நகையோ நட்டோ நீங்க எது வேணா வாங்கிக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டை எடுக்க வந்தேன். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியாது. அந்த இரண்டு கைகளும் அப்படியே அந்த மாதிரி இருந்தன. எனக்குக் கை அரித்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை உருவி அந்த இரண்டு கைகள் மேலேயும் போட்டு, "எத்தனை விரலுங்க மாமா? பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டீங்களா?" என்றேன்.

கூடம் சிரிப்பில் வெடித்தது. இரண்டு பக்கத்துச் சனமும் சந்தை பார்த்தவர்கள், ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. அத்தைகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். மகேஷ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சம்பந்தியின் முகம் சிவந்து, பிறகு அவரே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, துண்டை எடுத்து மடித்து அப்பாவிடம் கொடுத்தார். "பாப்பா சொல்றது சரிதானுங்க. ரூபாப் பேச்சு நமக்கு வேண்டாம். பொண்ணுக்கு முப்பது பவுன் போட்டு அனுப்புங்க. அதோட முடிஞ்சுது" என்றார். அப்பா மனசுக்குள் அன்றைய ரேட்டைப் பெருக்கிப் பார்த்தார். முன்னால் சொன்ன தொகையைவிட முப்பது பவுன் கொஞ்சம் குறைவாகவே வந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று சாப்பிடும்போது, "என் சின்னவ ஒரு ஜோக்குல எனக்கு ஐம்பதாயிரம் மிச்சம் பண்ணிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதத்தில் கல்யாணம் என்று இருந்தது. அதற்குள் மகேஷைக் கம்பெனி ஆன்சைட் என்று ஜெர்மனிக்கு அனுப்பியது. கல்யாணம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. வீட்டில் அப்போது பன்னிரண்டு பவுன் இருந்தது. பாக்கி பதினெட்டை உடனே வாங்கக் கடனுக்கு எழுதிப் போட்டிருந்த அப்பா அதை வேண்டாம் என்று நிறுத்தினார். "டைம் கிடைச்சிருக்கு. ரேட் எப்பவும் ஏறிட்டே இருக்காது. இறங்கும்போது வாங்கலாம்" என்றார். முப்பது வருடம் ஸ்டோரில் எண்ணெய் ரேட் ஏறி இறங்குவதைப் பார்த்த மனுஷர் அவர். ஏறினது இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்த உலகம். தங்கம் அந்த உலகத்தில் இல்லை. அது ஏறியது. கொஞ்சம் மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது. அப்பா காத்திருந்தார். முதல் சில மாதம் சனிக்கிழமைகளில் அதே உற்சாகத்தோடு வாசித்தார். நாட்டின் தங்க மதிப்பு இதுவரை இல்லாத உச்சம் என்று வாசித்து, "பாத்தியா, பாத்தியா" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். நாட்டின் டன் கிட்டத்தட்ட அதே டன்தான், மதிப்பு மட்டும் வீங்கியது. எங்கள் பவுனும் அதே முப்பதுதான், அதுவும் வீங்கியது. ஒன்று நாட்டுக்குச் சொத்து, இன்னொன்று நாங்கள் கொடுத்த வாக்கு. ஒரே ரேட் இரண்டையும் ஏற்றுகிறது என்பதை ஸ்டோர் கீப்பருக்கு முதலில் சொன்னவள் அம்மாதான். "உங்க நாடு பணக்காரனா ஆக ஆக நாம ஏழையாயிட்டே இருக்கோம். இதையும் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

அதற்கப்புறம் கவர்னர் உரை நின்றுவிட்டது. பேப்பரை வாங்கி ஏழாம் பக்கத்தைப் பிரிக்காமலே மடித்து வைப்பார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நாடும் இந்த மாசம் தங்கம் வாங்குதாம்ப்பா. ரெண்டு பேரும் ஒரே கடை வரிசையில நிக்கிறீங்க, அவங்க முன்னாடி நிக்கிறாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னார். அந்த "ஆமா" இன்னும் எனக்குள் கிடக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அப்பா என்னையும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு ஹெப்பாளில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குப் போனார். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. தனியாகப் போக முடியவில்லை என்று நினைக்கிறேன். காபி வந்தது, குடித்தோம். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "முதல்ல நீங்க ஒரு தொகை சொன்னீங்களே, அதுக்கே போயிடலாமா? அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தும் தர்றேன்" என்று கேட்டார். சம்பந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். "ரூபா வேண்டாம்னு துண்டு போட்டு மூடினது உங்க பாப்பாதானுங்களே? மாட்டுச் சந்தையிலகூட துண்டை எடுத்ததுக்கு அப்புறம் வெலை மாத்த மாட்டாங்க, சம்பந்தி" என்றார். பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் அந்தப் பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிங் ரோடு சிக்னலில் நின்றபோது மட்டும், "உன் மேல தப்பில்லம்மா. கணக்குப் போட்டு ஒத்துக்கிட்டது நான்தானே" என்றார். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அக்கா மகேஷுக்கு ஜெர்மனிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில். நான் கட்டிலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பெரியவங்க பேசினது திவ்யா. எங்கப்பா பேசினதுல நான் எப்படி நடுவுல வர்றது?" என்றான். "கல்யாணம் யாருக்கு? உங்கப்பாவுக்கா?" என்றாள் அக்கா. அவன் சிரித்தான். ஆமாம், சிரித்தான். "கோவிச்சுக்காதே, பார்த்துக்கலாம்" என்றான். பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? எங்கப்பா.

டேய், இந்த ஒரு இடத்தை நன்றாகப் படி. அவன் கெட்டவன் கிடையாது. அக்காவுக்குப் பிறந்த நாளுக்கு அங்கிருந்து ஸ்வெட்டர் அனுப்பியவன். குடிக்க மாட்டான், கத்த மாட்டான். கேட்கிற வேலையை அவன் அப்பா செய்துகொண்டார், அவன் கை சுத்தமாக இருந்தது. உலகத்தில் மிகவும் மலிவான சுத்தம் அது. "ஏன் இவனையே கட்டிக்கணும், விட்டுடு குரு" என்று, மைசூர்ப் பசங்கள் நண்பனைக் கூப்பிடுகிற மாதிரி, அக்காவிடம் சொன்னேன். "பத்திரிகை அடிச்சாச்சு. ஒன்றரை வருஷம் பேசியாச்சு. எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு, அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு" என்றாள்.

நஞ்சன்கூடு ரோட்டில் எங்களுக்கு இருபதுக்கு முப்பது ஒரு சைட், காலி மனை, இருந்தது. வாடகை வீட்டிலேயே இருபத்தாறு வருடம் ஓட்டிய அப்பாவும் அம்மாவும் அங்கே வீடு கட்டுவதாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் அம்மா செங்கல்லை அடுக்கி, "இங்கே அடுப்பு, இங்கே ஜன்னல், கிழக்கு வெளிச்சம் வரணும்" என்று காலால் கோடு போடுவாள். மாப்பிள்ளை ஆன்சைட் போனதில் எங்கள் சைட் போனது. ரிஜிஸ்டர் ஆபீசில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்கினவரின் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "கிழக்குப் பக்கம் ஜன்னல் வைங்க, நல்லா வெளிச்சம் வரும்" என்று சொன்னாள். அந்தப் பெண்மணி, "இல்லீங்க, நாங்க குடோன் கட்டப் போறோம்" என்றாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நகை பார்க்க வந்தார்கள். பார்க்க என்று சொல்வார்கள், எடை போட என்று சொல்ல மாட்டார்கள். தேவராஜ மொஹல்லாவில் கடை வைத்திருக்கிற ஒருவரை மின் தராசோடு கூட்டி வந்திருந்தார்கள். பாயை விரித்து, பாய் மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஆரத்தில் சிவப்புக் கல் இருந்தது. "கல் வெயிட் கழிச்சுடுங்க" என்று மாமியார், மகேஷின் அம்மா, சொன்னார். கழித்தார்கள். இருநூற்று நாற்பது கிராம் வரவேண்டும், மூன்றரை கிராம் குறைந்தது. தராசின் சிவப்பு எண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா கழுத்தைத் தடவினாள். அவள் கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை. நான் எழுந்து போய் என் காதில் கிடந்த தோடு இரண்டையும் கழற்றித் தராசில் வைத்தேன். "நாட்டோட கையிருப்புல என் பங்கு" என்றேன். கூட்டத்தில் நான் அடித்து ஒருத்தர்கூடச் சிரிக்காத முதல் ஜோக் அதுதான். கடைக்காரர்கூடத் தலையைத் தூக்கவில்லை. எண் இருநூற்று நாற்பதைத் தாண்டிப் போய் நின்றது. "ஆயித்து" என்றார் அவர், முடிந்தது என்று.

இப்போது நான் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நகையை டப்பாக்களில் எடுத்து வைக்கும்போது மாமியார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் வெறுங்காதைத் தொட்டுப் பார்த்தார். "வலிச்சுதா?" என்றார். "இல்லைங்க" என்றேன். "என் கல்யாணத்துல இதேதான் நடந்துச்சு. அரைப் பவுன் குறைஞ்சுது. எங்கம்மா மூக்குத்தியக் கழட்டி வச்சாங்க. ரெத்தம் வந்துச்சு, நான் பாத்தேன். அன்னைக்கு அழுதுட்டே, எனக்குப் பையன் பொறந்தா ஒரு குண்டுமணி கேக்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றார். சொல்லிவிட்டு என் தோடுகளை எண்ணி, பஞ்சில் சுற்றி, அவர் டப்பாவில் வைத்து மூடினார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. வன்மமும் இல்லை. ரொம்ப நாள் முன்னால் இருந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி பேசினார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. எங்கப்பாவைப் பற்றியோ அக்காவைப் பற்றியோ இல்லை, என்னைப் பற்றி.

இன்று சனிக்கிழமை. பேப்பர் வந்தது. நாட்டின் தங்க மதிப்பு இன்னும் ஏறியிருக்கிறது, நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. என் காது ஓட்டை மூடிவிடக் கூடாது என்று அம்மா துடைப்பக் குச்சியை ஒடித்துச் சொருகியிருக்கிறாள், எழுதும்போது தலையைத் திருப்பினால் குத்துகிறது. அக்காவின் முப்பது பவுனும் சம்பந்தி வீட்டு லாக்கரில் இருக்கிறது. சாவி சம்பந்தியிடம். நேற்று போனில் அக்கா சொன்னாள், அவர் காலையில் காபி குடித்துக்கொண்டே ரேட்டைப் பார்த்து, "நம்ம மருமக மதிப்பு ஏறிட்டே போகுது" என்கிறாராம். வீடே சிரிக்கிறதாம். மகேஷும்.

மகனே, எனக்கு என்னைத் தெரியும். எனக்கு நகை பிடிக்கும். கடைக் கண்ணாடி முன்னால் நின்று விடுவேன். எங்கள் வீட்டிலிருந்து போனதெல்லாம் திரும்பி வரவேண்டும் என்று ஒரு ஓரத்தில் இப்போதே ஆசை இருக்கிறது. அது உனக்கு வயது ஏற ஏற என்னவாக ஏறும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு கூடத்தில், ஏதோ ஒரு ஸ்டோர் கீப்பர் முன்னால், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேராகக் கேட்க மாட்டேன், நான் கெட்டிக்காரி. "எங்களுக்கு எதுவும் வேண்டாங்க, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க" என்பேன். அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அந்த நிமிஷம் நீ கீழே பார்க்காதே, போனைப் பார்க்காதே, பெரியவர்கள் பேசட்டும் என்று வெளியே போகாதே. எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து, "அம்மா, ஒரு கிராம்கூட வரக் கூடாது. வந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்று சொல். நான் முறைப்பேன். அழுதாலும் அழுவேன். எதுவும் பலிக்கவில்லை என்றால் கடைசியாக ஒரு ஜோக் அடிப்பேன், நன்றாகவே இருக்கும், கூடமே சிரிக்கும், பெண்ணின் அப்பாகூடச் சிரித்துத் தொலைப்பார்.

நீ சிரிக்காதே.

உன்னை இன்னும் பெறாத,
உன் அம்மா.